ராட்டினம் லோகு

அமுதவல்லி: நிறுத்து, நிறுத்து! மறுபடியும் "செம்மயா இருந்துச்சி நண்பர்களே"ன்னு ஆரம்பிச்ச... இந்த இறால் தோல அப்படியே உன் தலையில கொட்டிடுவேன்.

லோகநாதன்: ஏ அமுதா... ரெக்கார்டிங் ஓடிக்கினு இருக்குது. உன் குரலு உள்ள வந்துடுச்சி.

அமுதவல்லி: வரட்டும். செம்மன்னா இன்னா அர்த்தம்? பிரியாணியும் செம்ம, புள்ளையார் ஊர்வலமும் செம்ம, ரோலர் கோஸ்டரும் செம்மயா? ஏறுனவளுக்குத்தான் தெரியும் அது இன்னான்னு.

லோகநாதன்: மெதுவா பேசுடி. "ஏறுனவ"ன்னு கத்தாத. கரையில ஆளு நடமாட்டமா இருக்குது.

அமுதவல்லி: கவுத்து வெச்ச மீன்பிடி போட்டு மறைவுல உட்கார்ந்துக்கினு இருக்கோம். இங்க யாருக்குக் கேட்கப் போவுது? அந்த நாய்க்குக் கேட்கும். அது உனக்கு சப்ஸ்கிரைபரா?

லோகநாதன்: வூட்ல சிக்னல் இல்ல, இங்கதான் ரெண்டு கம்பி வருது... சரி, சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு. நீ சொல்றத நான் அப்படியே சொல்றேன்.

அமுதவல்லி: சொல்லு பார்க்கலாம்.

லோகநாதன்: "வணக்கம் நண்பர்களே! நான் உங்கள் ராட்டினம் லோகு, பழவேற்காட்டிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு நாம் பார்க்கப் போவது, புதிதாக வந்திருக்கும் 'கருநாகம்' என்கிற ரோலர் கோஸ்டர்..."

அமுதவல்லி: எங்கேர்ந்துய்யா வருது உனக்கு இந்தக் குரலு? என்கிட்ட பேசறப்ப தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி பேசற.

லோகநாதன்: யூடியூப் சேனல்னா அப்படித்தான் பேசணும். மேல சொல்லு.

அமுதவல்லி: எழுதிக்கோ. கடைசிப் பெட்டியிலதான் உட்காரணும். மொதல் பெட்டிக்கு அடிச்சிக்கிறானுங்க பாரு, அவனுங்க எல்லாம் போட்டோவுக்கு வந்தவனுங்க. மொதல் பெட்டியில மூஞ்சில காத்து அடிக்கும், அவ்ளோதான். காத்து வேணும்னா நம்ம கரையிலயே நின்னுக்கலாமே.

லோகநாதன்: கடைசிப் பெட்டியில இன்னா ஆவும்?

அமுதவல்லி: முன்னால இருக்கிற பெட்டிங்க எல்லாம் மேட்டத் தாண்டி கீழ விழுந்துடும். நீ இன்னும் இந்தப் பக்கமே இருப்ப. இன்னாடா நம்மள விட்டுட்டானுங்களேன்னு நெனைக்கறதுக்குள்ள, காலப் புடிச்சி இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு! பின்பக்கம் அப்படியே சீட்ட விட்டு எழுந்துக்கும்.

லோகநாதன்: பின்பக்கம்னு சேனல்ல சொல்லலாமா?

அமுதவல்லி: வேற எந்தப் பக்கம் எழுந்துக்கும்? சொல்லு.

லோகநாதன்: "...உடல் இருக்கையை விட்டு மேலெழும் நண்பர்களே."

அமுதவல்லி: தூ! நாஸ்தி பண்ணிட்ட.

லோகநாதன்: தலைகீழா ஆறு தடவ போவுதாமே, அதப் பத்தி சொல்லு. கமெண்டுல எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க.

அமுதவல்லி: தலைகீழா போறது ஒரு பெரிய விஷயமா? வௌவாலு தெனமும்தான் தொங்குது. அதுக்கு இன்னா டிக்கெட்டா போட்டு விக்கறாங்க? ஆறு தடவ சுத்துனா மூணாவதுலயே தலைக்கு சுத்திக்கிது, அப்புறம் ருசி இல்ல. ஒரே ஒரு தடவ விழணும், ஆனா நேரா... வயிறு மேலயே நின்னுடணும், நாம மட்டும் கீழ வந்துடணும். அதுக்கு ஈடே கெடையாது.

லோகநாதன்: ...ம்.

அமுதவல்லி: இன்னாயா மூஞ்சி இப்படி ஆயிடுச்சி? நான் சொன்னதுக்கே வேர்க்குது உனக்கு.

லோகநாதன்: வெயிலு.

அமுதவல்லி: போட்டு நெழலுல உட்கார்ந்துக்கினு வெயிலாம்.

லோகநாதன்: அடுத்தது சொல்லு. திருவிழா ராட்டினத்துலதான் நெஜமான பயம் இருக்குதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்.

அமுதவல்லி: அது ராட்டினத்துமேல வர்ற பயம் இல்ல. நட்டு கழண்டுடுமோன்னு வர்ற பயம். அதக் கணக்குல சேக்கக் கூடாது. நம்ம காட்டூர் பஸ்ல போனாலும் அந்தப் பயம் வருது.

லோகநாதன்: இது நல்லா இருக்குது, இத அப்படியே சொல்லிடறேன். மார்க்கு?

அமுதவல்லி: பத்துக்கு எட்டரை.

லோகநாதன்: இவ்ளோ புகழ்ந்துட்டு எட்டரையா?

அமுதவல்லி: எறங்கனா நேரா வெளிய வர முடியல. அவனுங்க போட்டோ கடைக்குள்ள பூந்துதான் வரணும். அந்த போட்டோவுல என் வாயப் பார்த்தியா நீ? ஒரு கூடை மத்தி மீனு உள்ள போவும். அதுக்கு ஒண்ணரை கழிச்சிட்டேன்.

லோகநாதன்: கத்தும்போது வாயத் தொறக்காம எப்படிக் கத்துவ?

அமுதவல்லி: கத்தறதுக்குத்தானே போறது? மேலேர்ந்து விழும்போது உங்க அக்கா பேரச் சொல்லி வாய்க்கு வந்ததெல்லாம் திட்டுவேன். அவ்ளோ ஒசரத்துல யாருக்குக் கேட்கும்? எறங்கி வந்தா மனசு லேசா ஆயிடுது.

லோகநாதன்: எங்க அக்காவயா? அதான் போன மாசம் நீ மூணு தடவ ஏறுனியா?

அமுதவல்லி: உங்க அம்மாவுக்கு ஒரு தடவ.

லோகநாதன்: உன்ன...

அமுதவல்லி: கோவப்படாத. நீ இன்னா பண்ண அன்னைக்கு? கீழ பெஞ்சுல என் பையையும் செருப்பையும் மடியில வெச்சிக்கினு உட்கார்ந்திருந்த. நான் வந்த ஒடனே தலைய கலைச்சி விட்டுக்கினு, தண்ணிய மூஞ்சில தெளிச்சிக்கினு, "நண்பர்களே, இப்பத்தான் இறங்கினேன்"னு ஆரம்பிச்சிட்ட. பக்கத்துல நின்ன கொழந்தை சிரிச்சிது.

லோகநாதன்: உள்ள செல்போன எடுத்துக்கினு போவ வுடமாட்டேங்கறான். அதனால யாருக்கும் தெரியப் போறதில்ல. நாலாயிரம் பேரு பார்க்கிறான் அமுதா. நாலாயிரம் பேருக்கு லோகுன்னா பயம் தெரியாதவன்.

அமுதவல்லி: நாலாயிரத்தி ஒண்ணாவது ஆளு நான். எனக்குத் தெரியும்.

தமிழ்வாணன்: யார்றா அது கவுத்த போட்டு பின்னால... ஓ! நம்ம ராட்டினம் லோகுவா! உன்னத்தான் தேடிக்கினு வந்தேன்.

அமுதவல்லி: வாண்ணா. எப்ப கரைக்கு வந்தீங்க? ஏதாவது கெடச்சிதா?

தமிழ்வாணன்: கெடச்சிது, கெடச்சிது. நீ கொஞ்சம் சும்மா இரு அமுதா, எனக்கு உன் புருஷன்கிட்டதான் பேச்சு. மச்சான், முதுகு எப்படி இருக்குது?

லோகநாதன்: அப்படியேதான் மச்சான் இருக்குது. காலையிலகூட எழுந்துக்க முடியல. இவதான் தைலம் தேச்சி விட்டா.

தமிழ்வாணன்: அடடா. ரெண்டு வருஷமா தேய்க்கிறா பாவம். இரு, உனக்கு ஒண்ணு காட்டறேன். இந்த போன பாரு. இது யாரு?

லோகநாதன்: அது... அது வந்து...

தமிழ்வாணன்: "நண்பர்களே, ஆறு முறை தலைகீழாகச் சுற்றிவிட்டு இப்பத்தான் இறங்கினேன்." யாருய்யா இவன்? அச்சு அசலா உன்ன மாதிரியே இருக்கிறான். உனக்கு தம்பிகூட கெடையாதே.

அமுதவல்லி: அண்ணா, டீ வாங்கிக்கினு வரட்டா?

தமிழ்வாணன்: உட்காரு. வலை பிரிக்கிற எடத்துல பசங்க எல்லாம் கூடி நின்னு பார்த்தானுங்க. சிரிச்சா பரவாயில்ல. நம்ம போட்டு சுரேஷு ஒரு வார்த்த கேட்டான், எனக்கு மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. "முதுகு வலிக்குதுன்னு ரெண்டு வருஷமா போட்டு ஏறாம, கம்பெனியில குந்திக்கினு இறால் எடை போடறவரு, ராட்டினத்துல தலைகீழா தொங்கறாரு. நாம தெனமும் அலையில அடி வாங்கறோம். உன் மச்சான்னு எத்தன நாளுதான் எடம் புடிச்சி வெச்சிருப்ப?"ன்னு கேக்கறான்.

லோகநாதன்: நீ இன்னா சொன்ன மச்சான்?

தமிழ்வாணன்: இன்னா சொல்றது? நாளைக்கு வெடிகாலையில நீ வந்து ஏறுனா ஏறுன. இல்லன்னா உன் எடத்துல அந்தத் தானியேலு பையன ஏத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டானுங்க. நம்ம ரெண்டு பேரு பேரையும் சேத்து எழுதன போட்டு அது. வெள்ளை பெயிண்ட்ல நானே எழுதனேன். உன் பேர அழிக்கச் சொன்னா என் கையால எப்படிய்யா அழிப்பேன்?

லோகநாதன்: அது பழைய வீடியோ மச்சான். முதுகு வலி வர்றதுக்கு முன்ன எடுத்தது.

தமிழ்வாணன்: போன மாசம் பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டைய போட்டுக்கினு இருக்கிற அதுல.

அமுதவல்லி: அந்த சட்ட வேணாம்னு அப்பவே சொன்னேன்.

லோகநாதன்: நீ சும்மா இருடி! மச்சான், அந்த ராட்டினம் முதுகுக்கு நல்லது. தலைகீழா தொங்குனா நரம்பு நீட்டிக்கும்னு டாக்டரு...

தமிழ்வாணன்: எந்த டாக்டரு?

லோகநாதன்: பொன்னேரியில...

தமிழ்வாணன்: அந்த டாக்டர கூட்டிக்கினு வா, அவன எங்க போட்டுல தலைகீழா தொங்கவிடறேன். சரி, நெஜமாவே ஏறுனியா நீ? எப்படித்தான் இருந்துச்சி? எனக்கும் சொல்லேன்.

லோகநாதன்: அது வந்து மச்சான்... கடைசிப் பெட்டியில உட்காரணும். முன்னால இருக்கிற பெட்டிங்க மேட்டத் தாண்டி விழுந்துடும். நாம இந்தப் பக்கமே இருப்போம். அப்ப காலப் புடிச்சி இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. அப்படியே பின்பக்கம்...

தமிழ்வாணன்: இரு, இரு. இது என் தங்கச்சி பேசற பேச்சு மாதிரியே இருக்குது.

லோகநாதன்: பத்து வருஷமா கூடவே இருக்கிறேன், ஒட்டிக்கிச்சி.

தமிழ்வாணன்: சரி, மேல போன ஒடனே மொதல்ல எந்தப் பக்கம் திரும்பும் அது?

லோகநாதன்: எடது பக்கம்.

அமுதவல்லி: வலது பக்கம்! எத்தன தடவய்யா சொல்றது உனக்கு? வலது பக்கம் திரும்பி, ஒரு செகண்டு சும்மா நிக்கும். அங்கேர்ந்து பார்த்தா பார்க்கு முழுக்கத் தெரியும். அப்புறம்தான் விழும். எடது பக்கம் போறது அந்த பழைய கலீஜு மஞ்ச கோஸ்டரு. அதையும் இதையும் ஒண்ணா சொல்லாத, எனக்கு வயிறெரியுது!

தமிழ்வாணன்: அமுதா.

அமுதவல்லி: இன்னாண்ணா.

தமிழ்வாணன்: ஏறுறது நீயா?

அமுதவல்லி: நான் எங்கண்ணா... பக்கத்து வூட்டு மஞ்சு சொன்னா... ஆமா, நான்தான். பத்தொம்போது தடவ ஏறியிருக்கேன்.

தமிழ்வாணன்: கரப்பான்பூச்சியப் பார்த்தா கட்டிலு மேல ஏறி நிப்பியே நீ!

அமுதவல்லி: கோஸ்டருல கரப்பான்பூச்சி கெடையாது.

தமிழ்வாணன்: அய்யோ, என்னால சிரிப்ப அடக்க முடியல... அப்ப இந்த ஆளு கீழ நின்னுக்கினு... தலைய மட்டும் கலைச்சிக்கினு...

லோகநாதன்: போதும் மச்சான், சிரிக்காத.

தமிழ்வாணன்: அப்ப... இரு மச்சான். அப்ப நீ ஏறவே இல்ல. அப்ப உன் முதுகு வலி நெஜம்தான். தப்பு பண்ணிட்டேன். நோயாளியப் போய் நாலு பேரு வாயில விழ வெச்சிட்டேன். சேனலுக்கோசரம் சும்மா கதை வுட்டிருக்கான்டா, முதுகு நெஜமாவே போச்சின்னு இப்பவே போய் சொல்லிடறேன். உன் எடம் எங்கயும் போவாது. தானியேலு வேற போட்டுப் பார்த்துக்கட்டும்.

லோகநாதன்: மச்சான்...

தமிழ்வாணன்: நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த வாரம் மெட்ராஸுக்கு கூட்டிக்கினு போறேன், ஸ்கேன் எடுத்துடலாம். ரெண்டு வருஷம் முன்ன அலையில நம்ம போட்டு கவுந்துச்சே, அப்பவே உனக்கு முதுகுலதான் அடிபட்டிருக்கும். நான் உன்ன வலைக்குள்ளேர்ந்து இழுத்தப்போகூட...

லோகநாதன்: அடி படல மச்சான்.

தமிழ்வாணன்: இன்னா?

லோகநாதன்: முதுகு நல்லாதான் இருக்குது. அன்னைக்கும் நல்லா இருந்துச்சி, இன்னைக்கும் நல்லா இருக்குது. போன வாரம் கம்பெனியில ஐஸ் பொட்டி ரெண்டத் தூக்கி லாரியில வெச்சேன்.

தமிழ்வாணன்: அப்புறம் ஏன்யா?

லோகநாதன்: பயம் மச்சான். வேற ஒண்ணும் இல்ல. ஏரித் தண்ணி கடல்ல சேர்ற அந்த முகத்துவாரத்துல அலை நம்ம போட்டத் தூக்கிச்சே... போட்டு மேல, நான் கீழ, வலை கால்ல. தண்ணிக்கடியில கண்ணு தொறந்துதான் இருந்துச்சி, ஒண்ணுமே தெரியல. நீ என்ன இழுத்து மண்ணுல போட்ட. எழுந்து நின்னேன், எல்லாரையும் பார்த்து சிரிச்சேன்கூட. ஆனா அதுக்கப்புறம் அந்த எடத்த நெனச்சாலே வயிறு... இவ சொல்றாளே, வயிறு மேலயே நின்னுடும்னு... எனக்கு ரெண்டு வருஷமா அது கீழயே எறங்கல மச்சான்.

தமிழ்வாணன்: ...ஏன் என்கிட்ட சொல்லல?

லோகநாதன்: மீன்பிடிக்கிறவன் அலைக்கு பயந்தேன்னு எப்படிச் சொல்றது? முதுகு வலின்னா நாலு பேரு பாவம்னுவான். அதான். அமுதா, உன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா உன் கையால தைலம் தேய்க்க வெச்சிட்டேன்.

அமுதவல்லி: எனக்குத் தெரியும்.

லோகநாதன்: எப்படித் தெரியும்?

அமுதவல்லி: எங்கய்யா வலிக்குதுன்னு கேட்டா ஒரு நாளு எடது பக்கம் காட்டுவ, ஒரு நாளு வலது பக்கம் காட்டுவ. ஞாயித்துக்கெழமன்னா வலியே இருக்காது. நானும் தெரியாத மாதிரியே தேச்சி விட்டேன். எத்தன பாட்டிலு தைலம்! வாசனையில எனக்கு சளியே புடிக்கல ரெண்டு வருஷமா.

லோகநாதன்: தெரிஞ்சிமா ஒண்ணும் கேக்கல?

அமுதவல்லி: கேட்டா வேற ஒரு எடம் வலிக்குதுன்னு சொல்லுவ. மொத மொதல்ல மீனவர் சங்கத்துலேர்ந்து எல்லாரும் அந்த பார்க்குக்கு டூரு போனப்ப, நீ அங்க இருந்த கோஸ்டர அண்ணாந்து பார்த்துட்டு, பெஞ்சுல உட்கார்ந்து கையக் கைய பெசைஞ்சிக்கினு இருந்தியே... அப்பத்தான் நெனச்சேன், இந்த ஆளுக்கு உள்ள இன்னாதான் பண்ணுது, நாமளும் போய் பார்த்துட்டு வரலாம்னு. அதுக்குத்தான்யா ஏறுனேன்.

லோகநாதன்: எனக்கோசரமா?

அமுதவல்லி: மொத தடவ உனக்கோசரம். ஏறுனா, அடேங்கப்பா, ஜோரா இருக்குது! அதுக்கப்புறம் உன்ன மறந்தே போயிட்டேன். மிச்சம் பதினெட்டும் எனக்கோசரம்தான்.

தமிழ்வாணன்: நல்ல குடும்பம்டா இது.

லோகநாதன்: மச்சான், சுரேஷுகிட்ட ஒண்ணும் பொய் சொல்லாத. நாளைக்கு வரேன்னு சொல்லு.

தமிழ்வாணன்: அவசரப்படாத. நான் பேசி இன்னும் ஒரு மாசம் தள்ளி வெக்கறேன்.

லோகநாதன்: இல்ல. இன்னைக்கு வாயத் தொறந்து சொல்லிட்டேன். நாளைக்குப் போவலன்னா எப்பவும் போவமாட்டேன். நடுங்கினே வரேன், வாந்தி எடுத்துக்கினே வரேன். யாரு வேணா சிரிக்கட்டும்.

அமுதவல்லி: இன்னாய்யா சொல்ற, நெஜமாவா? அப்ப இங்க வா, நான் சொல்றத உஷாரா கேளு. இதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. மொத விஷயம், போட்டு முன்னால உட்காராத. முன்பக்கம்தான் ஜாஸ்தியா எகிறும். நடுவுல உட்காரு.

லோகநாதன்: சரி.

அமுதவல்லி: பல்லக் கடிச்சிக்கினு இருக்காத. கத்து. எங்க அக்காவ திட்டு, எங்க அம்மாவ திட்டு, யார வேணா திட்டு. வாய் தொறந்தா வயிறு தானா எறங்கும்.

தமிழ்வாணன்: ஏய், உங்க அம்மான்னா அது எனக்கும் அம்மா.

அமுதவல்லி: நீ சும்மா இருண்ணா. மூணாவது, அதான் முக்கியம். கண்ண மூடக் கூடாது. மூடுனா எப்ப தூக்கும், எப்ப போடும்னு தெரியாது. பயம் ரெட்டிப்பாயிடும். கோஸ்டருல அழுவறது எல்லாம் கண்ண மூடுனவங்கதான். கண்ணு தொறந்து அந்த அலையையே பாரு, வரட்டும்டான்னு பாரு.

தமிழ்வாணன்: கண்ண மூடுனா... ரெட்டிப்பாவா ஆவும்?

அமுதவல்லி: ஆமா.

தமிழ்வாணன்: நெஜமாவா சொல்ற? கொறையாதா?

அமுதவல்லி: கொறையவே கொறையாது. எத்தன தடவ போனாலும் மொத தடவ மாதிரியேதான் இருக்கும். நீ ஏன்ணா இவ்ளோ வெவரமா கேக்கற?

தமிழ்வாணன்: சும்மாதான். நேரமாவுது, நான் கெளம்பறேன்.

லோகநாதன்: இரு மச்சான். நானும் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நீயும்தானே அதே போட்டுல இருந்த? மறுவாரமே திரும்ப கடலுக்குப் போயிட்ட. ஊரே உன்ன சிங்கம்னு சொல்லுது. உனக்குக் கொஞ்சங்கூட பயம் வரலியா? எப்படித்தான் தாண்டற அந்த முகத்துவாரத்த?

தமிழ்வாணன்: ...யாருகிட்டயும் சொல்லாத. உன் சேனல்ல சத்தியமா சொல்லாத. முகத்துவாரம் வர்றதுக்கு முன்னாலயே இன்ஜின சுரேஷு கையில குடுத்துட்டு, நான் முன்னால போய் மண்டி போட்டு உட்கார்ந்துக்குவேன். கயித்த புடிச்சிக்கினு, கண்ண இறுக்கி மூடிக்குவேன். அலை முடிஞ்சி, இன்ஜின் சத்தம் சீரா ஆவற வரைக்கும் தொறக்கறதே இல்ல. ரெண்டு வருஷமா அந்த எடத்த நான் பார்த்ததே இல்ல மச்சான். பசங்க நான் கன்னியம்மன கும்புடறேன்னு நெனச்சிக்கினு, அவனுங்களும் எனக்குப் பின்னால வரிசையா மண்டி போட ஆரம்பிச்சிட்டானுங்க. இப்ப எங்க போட்டுல சுரேஷத் தவிர ஒருத்தனும் கண்ணத் தொறந்துக்கினு தாண்டறதில்ல.